மேடைப் பேச்சும் மக்கள் வாழ்வும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேடைப் பேச்சு என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். ஐம்பது வருடங்களுக்கு மேலாகப் பேச்சுக்கள் கேட்டுப் பழகிய பெரியோர்கள் முன்வரிசையில் வீற்றிருக்க, இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன ஒருவன் இப்பொருளைப் பற்றிப் பேச எழுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. ஆயினும் ஊசி கூரானதோ மழுங்கியதோ என்று பார்ப்பதற்குக் கொல்லனைவிடத் தகுந்தவன் யார்? அந்தத் துணிவோடு தொடங்குகின்றேன்.

நாம் பேச்சை விரும்பும் சமூகத்தவர். கோயில் திருவிழாவிலே பேச்சு உண்டு. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே பேச்சு உண்டு. கலியாண வீட்டிலும் உண்டு. இரங்கற் கூட்டத்திலும் உண்டு. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், "என்ன மாதிரிப் பேசினார்! கையிலே ஒரு தாள் இல்லை, ஒன்றரை மணித்தியாலம்!" என்று வியந்து கொள்கின்றோம். "அவர் என்ன சொன்னார்?" என்று யாராவது கேட்டுவிட்டால், பதில் சொல்லச் சற்று நேரம் பிடிக்கின்றது. நாதசுவரக் கச்சேரியைப் பற்றி இவ்வாறு பேசுவதில் தவறில்லை. அங்கே நாதமே பொருள். ஆனால் மேடைப் பேச்சு வாக்கை நகர்த்துகின்றது; வாக்கு சட்டத்தை இயற்றுகின்றது; சட்டம் நம் பிள்ளைகள் எந்த மொழியில் விண்ணப்பம் எழுதுவது, எந்தக் கதவால் உள்ளே போவது என்பதைத் தீர்மானிக்கின்றது. ஆகவே குரலையும் ஓட்டத்தையும் விட்டு, பேச்சை அளக்க வேறோர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் யாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் ஒரே விடயம்.

அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருக்குறளின் அதிகார வரிசையைச் சற்று நோக்குங்கள். சொல்வன்மை அறுபத்தைந்தாம் அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் எழுபத்திரண்டாம், எழுபத்து மூன்றாம் அதிகாரங்கள். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்கள் இம்மூன்றையும் மனனம் செய்வார்கள். ஆனால் இவற்றுக்கு வெகு முன்னரே நாற்பத்திரண்டாம் அதிகாரமாகக் கேள்வி நிற்கின்றது. அதற்கும் முன்னே, பத்தொன்பதாம் அதிகாரமாகப் புறங்கூறாமையும், அடுத்துப் பயனில சொல்லாமையும் நிற்கின்றன. புறங்கூறாதிருக்கவும், பயனற்றது பேசாதிருக்கவும், பிறர் சொல்வதைக் கேட்கவும் கற்ற பின்னரே சொல்வன்மை வருகின்றது. நாமோ ஏணியின் மேற்படியிலேயே காலை வைக்கப் பார்க்கின்றோம்.

புறங்கூறல் என்றவுடன் கிணற்றடியிலும் படலையடியிலும் நடக்கும் ஊர்வம்பு நம் நினைவுக்கு வருகின்றது. ஒருவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பழி சொல்வது புறங்கூறல் என்றால், ஓர் இனத்தார் இல்லாத இடத்தில், அல்லது அவர்களுக்கு விளங்காத மொழியில், ஒலிபெருக்கி வைத்து அவர்களைப் பழித்துப் பேசுவதற்கு என்ன பெயர்? அதுவும் புறங்கூறலே. கிணற்றடியிலிருந்து மேடைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே என் அளவுகோல் இது: யாரைப் பற்றிப் பேசுகின்றோமோ அவர் முன்வரிசையில் இருந்தாலும் இதே சொற்களைச் சொல்வோமா? சொல்வோம் எனின் அது அரசியற் பேச்சு. சொல்ல மாட்டோம் எனின் அது மேடையேறிய புறங்கூறல்.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு, நம் ஊரில் மேடை எவ்வாறு தோன்றிற்று என்பதை முதலிற் பார்ப்போம்.

நான் மிஷன் கல்லூரி ஒன்றிலே கற்றவன். காலைக் கூட்டத்திலே பாதிரியாரின் பிரசங்கத்தையும், மாலையிலே கோயிலிற் புராண படனத்தையும் கேட்டு வளர்ந்தவன். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறு வயதிலேயே எனக்குப் புலப்பட்டது. புராண படனத்தில் நூல் முன்னே செல்லும். உரை சொல்பவர் அதன் பின்னே செல்வார். பிரசங்கத்திலோ ஒருவர் ஒரு பொருளை எடுத்து, நேரே சபையோரை நோக்கி, நீங்கள் இவ்வாறு வாழ்கின்றீர்கள், இவ்வாறு வாழவேண்டும் என்று வசனத்திற் சொல்வார். இந்த இரண்டாவது முறையை நம் கோயிலுக்குக் கொண்டுவந்தவர் ஆறுமுக நாவலர். அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராய் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வெள்ளிதோறும் அதே சபை. போன வாரம் சொன்னதை இந்த வாரம் மறுத்துப் பேச முடியாது. கேட்டவர்களே எதிரில் இருக்கின்றார்கள். அவர்கள் கொலையும் களவும் கள்ளும் புலாலும் பற்றித் தம் முகத்துக்கு நேரே கண்டனங் கேட்டார்கள். புகழ்ச்சி கேட்கப் போனவர்கள் அல்லர். இரண்டாவது, அவர் எதிர்த்த மிஷனரிமார் இங்கிலாந்தில் இருக்கவில்லை; அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். தமிழ் நன்கறிந்தவர்கள். 1841 முதல் வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகை அவர்கள் பக்கத்தில் இருந்தது. நாவலர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதுக்கு எட்டும், பதிலும் வரும் என்பதை அறிந்தே அவர் பேசினார், எழுதினார். அப்பேச்சிற் கடுமை உண்டு. ஆனால் அது புறங்கூறல் அன்று.

அந்தப் பிரசங்க மேடையே பின்னர் அரசியல் மேடையாயிற்று. 1879-இல், தம் வாழ்நாளின் கடைசி வருடத்திலே, சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனே தகுந்தவர் என்று பொதுக்கூட்டத்தில் எடுத்துச் சொன்னவர் அதே நாவலர். கோயில் மண்டபத்தில் வளர்ந்த பேச்சுக்கலை சபைக்கு ஓர் அங்கத்தவரை அனுப்பும் கருவியாயிற்று. ஆனால் வழியில் ஒன்று மாறிற்று. வெள்ளிக்கிழமைச் சபை ஒன்று. அரசியல்வாதியின் சபைகள் பல. இன்று இந்த ஊர், நாளை மறு ஊர். ஓர் ஊரிற் சொன்னதை மறு ஊரிற் சொல்லத் தேவையில்லை. அங்கேதான் சோதனை தொடங்குகின்றது.

இச்சோதனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1858-ஆம் ஆண்டு நடந்த ஒரு விவாதத்தைச் சொல்கின்றேன். இலினோய் மாகாணத்தின் செனற் சபை ஆசனத்துக்கு ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் போட்டியிட்டார்கள். ஏழு ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். ஒருவர் அறுபது நிமிடம் பேச, மற்றவர் தொண்ணூறு நிமிடம் பதில் சொல்ல, முதல்வர் முப்பது நிமிடம் மறுமொழி கூறுவார். மூன்று மணித்தியாலம் சனங்கள் வெளியிலே கூடி நின்று கேட்டார்கள். பேச்சின் பொருள் அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவலாமா என்பது.

அம்மாகாணத்தின் வடபாகத்தார் பெரும்பாலும் அடிமை முறையை வெறுத்தவர்கள். தென்பாகத்தாரோ அடிமை மாகாணங்களை அண்டி வாழ்ந்தவர்கள். கறுப்பினத்தார் தமக்குச் சமமாவதை விரும்பாதவர்கள். யூலை மாதத்திலே சிக்காகோவிற் பேசிய லிங்கன், இந்த இனம் தாழ்ந்தது அந்த இனம் உயர்ந்தது என்ற பேச்சையெல்லாம் விட்டு, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கொள்கையில் ஒன்றுபடுவோம் என்றார். செப்டெம்பர் 18-ஆந் திகதி சாள்ஸ்ரன் என்னும் ஊரிலே, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக சமத்துவமோ அரசியற் சமத்துவமோ கொடுக்கும் நோக்கம் தமக்கு இல்லையென்றும், கறுப்பருக்கு வாக்குரிமை அளிப்பதை ஆதரிக்கவில்லையென்றும் சொன்னார். ஒக்டோபர் 7-ஆந் திகதி கேல்ஸ்பேர்க் மேடையிலே டக்ளஸ் இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, வடக்கிலே ஒன்றும் தெற்கிலே இன்னொன்றும் பேசுகின்றாரே இவர் என்று சபையோரிடம் முறையிட்டார்.

இன்று உலகம் போற்றும் லிங்கனே இவ்வாறு அகப்பட்டுக்கொண்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன பதிலையும் கேளுங்கள். தம் பேச்சுக்கள் அச்சாகி வடக்கிலும் தெற்கிலும் வாசிக்கப்படும் என்பது தமக்குத் தெரியாது என்றா டக்ளஸ் நினைக்கின்றார் என்ற கருத்துப்பட அவர் கேட்டார். உண்மையிலேயே சுருக்கெழுத்தாளர்கள் இருவர் பேச்சையும் எழுதினார்கள், பத்திரிகைகள் அச்சிட்டன, 1860-இல் அவை ஒரு நூலாகவும் வந்தன. 1858-இல் லிங்கன் அந்த ஆசனத்தை இழந்தார். 1860-இல் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். அச்சிலேறிய அந்தச் சொற்கள் அவரை விடவில்லை. 1863 சனவரி முதலாந் திகதி அடிமை விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. 1865 ஏப்ரில் 11-ஆந் திகதி, யுத்தம் முடிவடைந்துகொண்டிருந்த வேளையிலே, கறுப்பினத்தாருள் கல்வியறிவுடையோருக்கும் போர்வீரராய்ச் சேவை செய்தோருக்குமாவது வாக்குரிமை கிடைப்பதையே தாம் விரும்புவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். சாள்ஸ்ரனில் மறுத்ததை இங்கே பாதியளவேனும் ஒப்புக்கொண்டார். கூட்டத்திலே நின்று அதைக் கேட்டவர்களுள் ஒருவனாகிய பூத் என்பவன் மூன்று நாட்களின் பின் அவரைச் சுட்டான். அதுவே லிங்கனின் கடைசிப் பொதுப்பேச்சு. பகைவன் முகத்துக்கு முன் சொன்ன சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அவருடைய உயிர்.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஒரு விசேஷ வசதி அரசியல்வாதிக்கு உண்டு. லிங்கனுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒரே மொழி. இங்கோ தெற்கிற் சிங்களத்திற் பேசியது வடக்கிற் பலருக்கு விளங்காது. வடக்கிலே தமிழிற் பேசியது தெற்கிற் பலருக்கு விளங்காது. கொழும்பில் ஆங்கிலத்திற் பேசியது இரு பாலாரிலும் பலருக்கு விளங்காது. ஒரே மனிதர் மூன்று மொழியில் மூன்று மனிதராக வாழலாம்.

சேர் ஜோன் கொத்தலாவல பிரதமராய் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு விஜயஞ் செய்தார். கொக்குவிலிலே தமிழருக்கு முன்னால், இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வழங்க அரசியலமைப்பைத் திருத்துவதாக வாக்களித்தார். தெற்கிலே எதிர்ப்புக் கிளம்பிற்று. 1956 பெப்ரவரியிற் களனியிலே கூடிய அவருடைய கட்சி, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்று தீர்மானித்தது. கொக்குவிலில் உள்ள மேடைக்கும் களனியில் உள்ள மேடைக்கும் இடையே தூரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது மைல். வாக்குறுதி அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. ஏமாற்றமடைந்த தமிழரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. சந்தேகங்கொண்ட சிங்களவரும் வாக்களிக்கவில்லை. அவ்வருடத் தேர்தலில் அவர் கட்சி படுதோல்வி அடைந்தது.

அதே 1956-இல் யூன் மாதத்திலே அரச கரும மொழி மசோதா பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எழுந்து, இரு மொழியெனின் ஒரு நாடு, ஒரு மொழியெனின் இரு நாடு என்று எச்சரித்தார். தம் இனத்தாரிற் பெரும்பாலோர் அன்று கேட்க விரும்பாததை அவர்கள் முகத்துக்கு முன்னே சொன்னார். மசோதா நிறைவேறிற்று, அவர் சொல்லோ நின்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1972-ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு, அமைச்சராய் இருந்த அதே கொல்வின் ஆர். டி சில்வாவிடம் வந்தது. அந்த அரசியலமைப்பு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே சிங்களத்தை அரச கரும மொழியாக உறுதிப்படுத்திற்று. லிங்கன் குறுகிய சொல்லிலிருந்து விரிந்த சொல்லுக்கு நடந்தார். இவரோ விரிந்த சொல்லைச் சொல்லிவிட்டுக் குறுகிய செயலுக்கு நடந்தார்.

இதிலிருந்து, பேச்சினால் ஆவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்குச் சிலர் வருவார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் அந்தச் சொல் ஹன்சாட்டிலே அச்சாகிவிட்டது. 1972-இல் அதைச் சொன்னவருக்கே எதிராக அது சாட்சி சொல்லிற்று. 1987-இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தபோது, முப்பத்தொரு வருடங்களுக்கு முன் சொல்லப்பட்டதையே சட்டம் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. அதற்கிடையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை இச்சபைக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மேடையிற் சொன்ன சொல் சொன்னவருக்குச் சொந்தமன்று. அது பொதுச்சொத்து. சொன்னவர் மறந்தாலும் கேட்டவர் மறக்காதிருந்தால், அது ஒரு நாள் பயன்படும்.

ஒடுக்கப்படும் மக்கள் தங்களுக்குள்ளே கோபமாகப் பேசக்கூடாதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். பேசலாம். கோபத்தையும் முகத்துக்கு முன்னே சொல்லலாம் என்பதே என் பதில். 1956 யூன் 5-ஆந் திகதி, மசோதா சமர்ப்பிக்கப்பட்ட அன்று, செல்வநாயகம் அவர்களும் அவருடைய கட்சியினரும் அப்பொழுது பாராளுமன்றம் இருந்த இடத்துக்கு அருகே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எதிர்ப்பை எதிர்த்தரப்பின் வாசலிலேயே சொன்னார்கள். அடி வாங்கினார்கள். செல்வநாயகம் உரத்த குரல் உடையவர் அல்லர். மேடை முழக்கத்தாற் பெயர் பெற்றவரும் அல்லர். கிறிஸ்தவராகிய அவரை, இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தார்கள். குரல் நன்றாக இருந்தது என்பதற்காக அன்று. வீட்டிற் சொல்வதும் வெளியிற் சொல்வதும் ஒன்று என்று நம்பியதற்காக.

பிறர் மேடைகளை மட்டும் அளந்துவிட்டு நம் மேடையை அளக்காமல் விட்டால், இதுவரை பேசியதும் புறங்கூறலாகிவிடும். ஆகவே அளவுகோலை நம் பக்கம் திருப்புகின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள்க.

1939-இல் நாவலப்பிட்டியிலே ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் சிங்களவரின் வரலாற்றுப் பெருமையைத் தாக்கிப் பேசிய பேச்சைத் தொடர்ந்து அங்கே இனக்கலகம் மூண்டது. மகா வல்லவரான அவர் பேசி முடித்துத் திரும்பிவிட்டார். பேச்சின் விளைவை அனுபவித்தவர்கள் மலைநாட்டிலே சிங்களவர் மத்தியில் வாழ்ந்த சாதாரண தமிழர்கள். மேடையிற் சொல்பவன் ஒருவன், அதற்கு விலை கொடுப்பவன் வேறொருவன் என்றால், சொல்பவனின் வீரத்தை நாம் சற்று யோசித்தே மெச்ச வேண்டும்.

1970-களில் நம் மேடைகளில் ஒரு சொல் மலிந்தது. மாற்றுக் கருத்துடைய தமிழனைத் துரோகி என்று அழைக்கும் வழக்கமே அது. சபையோர் கைதட்டினார்கள். 1975-இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் அச்சொல் எத்தனை பேர்மேல் ஒட்டப்பட்டது! அக்காலத்து மேடைகளிலே பெரும் பேச்சாளராய் விளங்கிய அமிர்தலிங்கம் அவர்களே 1989-இற் கொழும்பில் தமிழ் இளைஞர்களின் துப்பாக்கிக்கு இரையானார். சொல்லே கொன்றது என்று நான் சொல்லவில்லை. கொலை நடப்பதற்கு முன்பே, அது கொலையன்று என்று மனத்தைப் பழக்கும் வேலையைச் சில சொற்கள் செய்துவிடுகின்றன என்றே சொல்கின்றேன். கைதட்டியவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இன்னும் நமக்கு அண்மையிலுள்ள ஒரு விடயம். 1927 நவம்பரிலே, பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் இங்கு வந்தார். சனங்கள் திரண்டு வரவேற்றார்கள். கதர் நிதிக்குப் பணம் கொடுத்தார்கள். அவர் தம்மை வரவேற்ற நம்மவரைப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. குடியைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் நம் முகத்துக்கு முன்னே சொன்னார். நாம் மாலையைப் போட்டோம், சொல்லை எடுத்துக்கொண்டோமா? சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது 1957-இல், முப்பது வருடங்களின் பின். சட்டம் வந்து பதினொரு வருடங்களின் பின்னும், 1968-இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே சென்று கும்பிட எங்களையும் விடுங்கள் என்று கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. கொழும்பைப் பார்த்துச் சமவுரிமை கேட்ட மேடைகள், அந்த வாசலைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லப் பெரும்பாலும் தயங்கின. நாவலர் பெருமானும் இந்த ஒரு விடயத்தில் தம் காலத்தின் வரம்பைத் தாண்டவில்லை. அவரைப் போற்றும் நாம் அதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வளவும் கேட்டபின், அரசியல்வாதிகள் திருந்த வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குப் போவது எளிது. பேச்சின் பாதி பேசுபவனிடம். மற்றப் பாதி கேட்பவனிடம். சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கின்றதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம், பேச்சை மட்டும் பார்க்காமலே வாங்கிக்கொள்கின்றோம்.

இக்காலத்தில் வாங்குவது இன்னும் எளிது. முன்பு பேச்சைக் கேட்கக் கூட்டத்துக்குப் போக வேண்டும். இன்று கைபேசியிலே வீடு தேடி வருகின்றது. ஆனால் வருவது முழுப் பேச்சன்று. அரை நிமிடத் துண்டு. எந்த இடத்திற் கைதட்டல் விழுந்ததோ அந்தத் துண்டு. லிங்கனின் சனங்கள் மூன்று மணித்தியாலம் நின்று இரு தரப்பையும் கேட்டார்கள். நாம் அரை நிமிடம் ஒரு தரப்பைக் கேட்டுவிட்டு மற்றவருக்கு அனுப்பிவிடுகின்றோம். நன்மையும் இல்லாமலில்லை. தெற்கிற் பேசியது ஒரு மணித்தியாலத்தில் வடக்குக்கு வந்துவிடுகின்றது. பாராளுமன்றத்திலே மூன்று மொழியிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடைபெறுகின்றது. இரண்டு மேடையில் இரண்டு பேச்சுப் பேசுபவரைப் பிடிப்பது இன்று முன்னிலும் சுலபம். பிடிக்க விருப்பமிருந்தால்!

பெரிய மேடைகளைத் திருத்த நம்மால் உடனே இயலாது. ஆனால் சிறிய மேடைகள் நம் கையில் இருக்கின்றன. சனசமூக நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம், கோயிற் பரிபாலன சபைக் கூட்டம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, பிரதேச சபை ஆகியவற்றைச் சொல்கின்றேன். வாய்க்காலை யார் மறித்தது, வாசிகசாலைப் பணம் எங்கே போயிற்று என்று அங்கே எழுந்து கேட்பவன், மறுநாட் காலையில் அதே கடையில் அதே மனிதரைச் சந்திக்க வேண்டும். ஆகையால் அவன் சொல்லை அளந்து பேசுகின்றான். அந்த அளந்த பேச்சே மக்களாட்சியின் அரிச்சுவடி. அதைப் படியாதவன் பெரிய மேடையில் ஏறினால் முழங்குவான்; பொறுப்பேற்க மாட்டான்.

ஆகவே நம் சங்கத்துக்கு நான்கு யோசனைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன்.

ஒன்று: இம்மண்டபத்தில் யார் பேசினாலும், பேசிய நேரத்தின் பாதியைக் கேள்விக்கு ஒதுக்க வேண்டும். கேள்விக்கு நிற்க விரும்பாதவருக்குப் பொன்னாடை போர்த்தலாம். மேடை கொடுக்க வேண்டாம்.

இரண்டு: நம் விவாதப் போட்டிகளில் ஒவ்வொருவரும் ஒரே பொருளின் இரு பக்கத்தையும் பேச வேண்டும். எதிரியின் நியாயத்தை எதிரியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கே முதற் பரிசு.

மூன்று: இங்கு வந்து வாக்குறுதி தரும் வேட்பாளர்களின் சொற்களை, எந்தக் கட்சியாயினும், அறிக்கைப் புத்தகத்தில் திகதியோடு எழுதி, வருடம் ஒருமுறை இச்சபையில் வாசிக்க வேண்டும். வசை வேண்டாம், விமர்சனமும் வேண்டாம். வாசித்தாற் போதும்.

நான்கு: நம்மில் இளையவர்கள் சிங்களம் கற்க வேண்டும். உத்தியோகத்துக்காக என்று வீட்டிற் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. நம்மைப் பற்றித் தெற்கிலே என்ன பேசுகின்றார்கள் என்பதை நாமே நேரிற் கேட்கவும், நம் குறையை அவர்கள் மொழியில் அவர்கள் முகத்துக்கு முன்னே நாமே எடுத்துச் சொல்லவும். அதுபோலவே தமிழ் கற்கும் சிங்கள இளைஞர்களை இம்மேடைக்கு அழைத்து, அவர்கள் மனத்திலுள்ளதைத் தமிழிலேயே கேட்போம். அன்று நாம் பேசும் பேச்சிற் சில சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்பவையே உண்மையான கோரிக்கைகள்.

இந்த யோசனைகளில் முதலாவதை என்னிடமிருந்தே ஆரம்பியுங்கள். நாற்பது நிமிடம் பேசிவிட்டேன். இனி இருபது நிமிடம் உங்களுடையது. முன்வரிசைப் பெரியோர்களும் பின்வரிசைத் தோழர்களும் தாராளமாகக் கேளுங்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்கின்றேன். தெரியாததைக் குறித்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்திற் சொல்கின்றேன்.